சோதனையும் இசைவும்: ஜான் பன்யன் வாழ்வில் தீமை பற்றிய நம்பிக்கை

ஆய்வுச் சுருக்கம்

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமய எழுத்தாளர் ஜான் பன்யன் (1628–1688) தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சோதனைகளோடு போராடிக் கழித்தவர். தீமை தமக்குப் புறத்தே உள்ள ஓர் ஆற்றல் என அவர் நம்பினார். இந்நம்பிக்கை மனிதனின் பொறுப்பைக் குறைப்பதாகத் தோன்றக்கூடும். ஆயின் பன்யனிடத்தில் அது மனிதப் பொறுப்பு எங்குள்ளது என்பதைத் துல்லியமாகக் காட்டும் கருவியாயிற்று. மனத்தில் எழும் தீய எண்ணம் வேறு, அதற்கு மனிதன் தரும் இசைவு வேறு என்னும் தெளிவை அவர் பல ஆண்டுத் துன்பத்துக்குப் பின்னரே எய்தினார். அத்தெளிவு உருவான வரலாற்றை இக்கட்டுரை அவர் வாழ்வின் வழியும் நூல்களின் வழியும் ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: ஜான் பன்யன், சோதனை, இசைவு, தீமை, மோட்சப் பிரயாணம், இரட்சணிய யாத்திரிகம்.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவக் காப்பியங்களுள் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) தனியிடம் பெற்றது. 1678இல் ஜான் பன்யன் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' அதன் மூலநூல் என்பது தமிழாய்வாளர் அறிந்ததே. இவ்விரு நூல்களையும் கதைப்போக்கு, பாத்திரப் பெயர், வருணனை, யாப்பு ஆகிய நிலைகளில் ஒப்பிடுதல் இயலும். எனினும், அவற்றில் வரும் போர்களும் சிறைகளும் இருள் சூழ்ந்த பள்ளத்தாக்குகளும் வெறும் உருவகங்கள் அல்ல. அவற்றுள் பெரும்பாலானவை ஆசிரியர் நேரில் பட்ட துன்பங்களின் மாற்றுருவங்களே. ஆகவே மூலநூலாசிரியரின் வாழ்வை அறிதல் காப்பிய ஆய்வுக்கும் இன்றியமையாததாகிறது.

தமிழ் விவிலியம் வழங்கும் சோதனை என்னும் சொல் இருபொருள் தருவது. இறைவன் மனிதனைப் புடமிட்டுப் பார்ப்பதும் சோதனையே; சாத்தான் மனிதனைத் தீமையின்பால் ஈர்ப்பதும் சோதனையே. புதிய ஏற்பாட்டு மூலத்தில் பயிலும் பெய்ராஸ்மோஸ் என்னும் கிரேக்கச் சொல்லும் இவ்விரு பொருளையும் தன்னகத்தே கொண்டது. இச்சொல்லின் இருமைக்கு ஒப்பாக, தீமையின் தோற்றுவாய் பற்றியும் புதிய ஏற்பாட்டில் இரு குரல்கள் ஒலிக்கின்றன. யாக்கோபின் நிருபம் (1:13–14) இறைவன் எவரையும் தீமைக்குத் தூண்டுவதில்லை என்றும், அவனவன் தன் சொந்த இச்சையாலேயே இழுக்கப்படுகிறான் என்றும் உரைக்கிறது. பேதுருவின் முதல் நிருபமோ (5:8–9) சாத்தானை இரைதேடித் திரியும் சிங்கத்துக்கு ஒப்பிட்டு, அவனை எதிர்த்து நிற்குமாறு அறிவுறுத்துகிறது. முன்னது தீமையின் வேரை அகத்தே காட்டுகிறது. பின்னது பகையைப் புறத்தே காட்டுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்பது எவ்வாறு என்னும் வினா இறையியலாளரின் ஏட்டளவில் நின்றதன்று. பன்யனுக்கு அது வாழ்வா சாவா என்னும் வினாவாக இருந்தது.

இளமையும் சூழலும்

இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பன்யன் பிறந்தார். 1628 நவம்பர் 30ஆம் நாள் அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. தந்தை தாமஸ் பன்யன் உலோகக் கலங்களைப் பழுதுபார்க்கும் கன்னார் தொழில் செய்தவர். மகனும் அத்தொழிலையே கற்றார். எழுதவும் படிக்கவும் அறிந்ததற்கு மேல் பள்ளிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை.

1644ஆம் ஆண்டு அவர் வாழ்வில் அடுத்தடுத்து இழப்புகளைக் கொணர்ந்தது. ஜூன் மாதத்தில் தாய் மார்கரெட் இறந்தார். அடுத்த மாதம் தங்கை இறந்தாள். தாய் மறைந்து இரு மாதங்கள் ஆவதற்குள் தந்தை மறுமணம் செய்துகொண்டார். அவ்வாண்டின் இறுதியில், 16 வயதில், பன்யன் உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையில் சேர்க்கப்பட்டு நியூபோர்ட் பாக்னல் கோட்டைக் காவலில் பணிபுரிந்தார். முற்றுகை ஒன்றுக்கு அவர் செல்லவிருந்த வேளையில் வேறொரு வீரர் அவருக்கு மாற்றாகச் சென்றார். அங்குக் காவல் நின்ற அவ்வீரர் தலையில் குண்டு பாய்ந்து மாண்டார். இந்நிகழ்ச்சியைப் பன்யன் பிற்காலத்தில் இறைவனின் காப்பாகக் கருதினார். தம்முடைய இடத்தில் பிறனொருவன் மடிந்தான் என்னும் நினைவு, பின்னாளில் அவர் பற்றிக்கொண்ட மீட்புக் கோட்பாட்டோடு ஒத்துச் செல்வது நோக்கத்தக்கது.

புறவொழுக்கமும் அதன் எல்லையும்

ஏறத்தாழ 1649இல் பன்யன் மணம் புரிந்தார். அம்மனைவியின் பெயர் வரலாற்றில் பதிவாகவில்லை. தட்டு, கரண்டி முதலிய வீட்டுப் பொருள்கூட இல்லாத வறுமையில் தொடங்கிய அவ்வில்லறத்துக்கு மனைவி கொணர்ந்த சீர் இரண்டு சமய நூல்கள் மட்டுமே. ஆர்தர் டெண்ட், லூயிஸ் பேய்லி ஆகியோர் எழுதிய அந்நூல்களைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படித்தனர். 1650இல் திருமுழுக்குப் பெற்ற மூத்த மகள் மேரி பிறவியிலேயே பார்வையற்றவள்.

அக்காலத்தில் பன்யன் தம்மிடம் கண்ட குற்றங்கள் இன்றைய நோக்கில் சிறியவை. ஆணையிட்டுப் பழித்துப் பேசுதல், ஓய்வுநாளில் கிட்டிப்புள் ஆடுதல், நடனம், ஆலய மணி அடிக்கும் விளையாட்டு என்பனவே அவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தபோது, பாவத்தை விட்டு வீடுபேறு அடைவதா, பாவத்தோடு நரகம் புகுவதா என்று வானிலிருந்து ஒரு குரல் வினவியதாக அவர் உணர்ந்தார். ஆயினும் காலம் கடந்துவிட்டது என்று எண்ணி ஆட்டத்தைத் தொடர்ந்தார். இங்கு அவரை வீழ்த்தியது இன்பத்தின் கவர்ச்சியன்று, இனி மீட்சி இல்லை என்னும் எண்ணமே. நம்பிக்கையிழப்பே பாவத்துக்கு வாயிலாகும் என்னும் அவர்தம் பிற்காலக் கருத்தின் வித்து இந்நிகழ்ச்சியிலேயே உள்ளது.

தீய நடத்தையுடையவள் எனப் பெயர்பெற்ற ஒரு பெண், அவருடைய பழிச்சொற்களைக் கேட்டு நடுங்குவதாகக் கூறிக் கடிந்துகொண்டாள். அன்றோடு அவர் ஆணையிடுவதைக் கைவிட்டார். பின் நடனத்தையும் விட்டார். மணியடிப்பதை நிறுத்தியபின்னும் எல்ஸ்டோ மணிக்கூண்டுக்குச் சென்று வேடிக்கை பார்ப்பார். மணி தம்மீது விழுமோ என அஞ்சி உத்தரத்தின் அடியில் நின்றார். மணி சுவரில் மோதித் தம்மீது பாயுமோ என அஞ்சி வாயிலுக்கு நகர்ந்தார். கூண்டே இடிந்து விழுமோ என அஞ்சி இறுதியில் அங்குச் செல்வதையே விட்டார். ஊரார் அவரை நல்லொழுக்கம் உடையவர் என மெச்சினர். அவரும் அப்புகழில் மகிழ்ந்தார்.

இந்நிலையின் போதாமையை உணர்த்தியவர்கள் பெட்ஃபோர்டில் வீட்டு வாயிலில் வெயிலில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்த மூன்று நான்கு ஏழைப் பெண்கள். மறுபிறப்பு பற்றியும் தம் நெஞ்சின் இழிநிலை பற்றியும் சாத்தானின் தூண்டுதல்களைத் தாங்கள் எதிர்கொண்ட முறை பற்றியும் அவர்கள் மகிழ்வோடு பேசினர். சமயப் பேச்சில் வல்லவராகத் தம்மைக் கருதிய பன்யனுக்கு அப்பேச்சு விளங்கவில்லை. தீச்செயல்களை ஒவ்வொன்றாகக் களைந்த அவர் தம் உள்ளத்தின் உள்ளே நோக்கியதில்லை. அப்பெண்கள் ஜான் கிஃபர்டு என்பவரின் திருக்கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். கிஃபர்டு முன்னர் அரசர் படையில் அதிகாரியாயிருந்து, மரண தண்டனையினின்று தப்பி, மருத்துவத் தொழில் செய்து, பின் மனந்திரும்பியவர். அவர்தம் வழிகாட்டலின்கீழ்ப் பன்யன் வந்தார்.

விற்றுவிடு என்னும் தூண்டுதல்

அகநோக்கு தொடங்கியதும் சோதனையின் வடிவமும் மாறியது. தமக்கு விசுவாசம் உண்டா என்பதை அறிய, எல்ஸ்டோவுக்கும் பெட்ஃபோர்டுக்கும் இடையேயுள்ள சாலையின் குட்டைகளை வற்றுமாறு கட்டளையிட்டுப் பார்க்கலாம் என ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. அற்புதம் நிகழாவிடில் தாம் கைவிடப்பட்டவராவோம் என்னும் அச்சத்தால் அதனைச் செய்யாது விடுத்தார். அதன்பின் கடுமையான ஐயங்கள் எழுந்தன. இறைவன் உண்டா, வேதம் கட்டுக்கதையா, பிற சமயத்தாரும் தத்தம் நூலையே உண்மை என்று நம்பும்போது தம் நம்பிக்கை மட்டும் உண்மையாவது எவ்வாறு என்பன அவற்றுள் சில. ஆலயத்தில் செபிக்கும் வேளையிலும் இறைநிந்தையான சொற்கள் மனத்தில் பாய்ந்து வந்தன.

இவற்றுள் கொடியது கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் தூண்டுதல். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அது அவரை விடாது தொடர்ந்தது. உண்ண அமர்ந்தாலும், விறகு வெட்டினாலும், கீழே கிடக்கும் குண்டூசியை எடுக்கக் குனிந்தாலும் அச்சொல் ஒலித்தது. எதற்காக விற்பது, யாருக்கு விற்பது, என்ன விலை என்பன எவையும் அதில் இல்லை. ஆசைப்பொருள் எதுவும் இல்லாத இச்சோதனை, இச்சையே சோதனைக்குக் காரணம் என்னும் பொதுக் கருத்தைக் கடந்து நிற்பது குறிப்பிடத்தக்கது. அத்தூண்டுதலுக்கு மறுமொழியாக விற்கமாட்டேன் என்று அவர் பலமுறை கூறுவார். சிலபோது கைகளால் தள்ளுவது போன்ற அசைவுகளும் அவரையறியாமல் எழும். ஒரு நாள் காலை படுக்கையில் இருந்தபோது அத்தூண்டுதல் மிகக் கடுமையாயிற்று. போராடிச் சோர்ந்த நிலையில், அவர் விரும்பினால் போகட்டும் என்னும் எண்ணம் தம் நெஞ்சில் ஓடியதாகவும், நெஞ்சம் அதற்கு இசைந்ததாகவும் பன்யன் உணர்ந்தார்.

அன்றுமுதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவரை வாட்டியது குற்றவுணர்வு. எபிரெயருக்கு எழுதிய நிருபம் (12:16–17) கூறும் ஏசாவின் வரலாறு அவரை அச்சுறுத்தியது. ஒரு வேளை உணவுக்காகத் தலைமகன் உரிமையை விற்ற ஏசா, பின்னர்க் கண்ணீரோடு தேடியும் அதைப் பெறவில்லை. தம் பாவத்தைத் தாவீதின் பாவத்தோடும் பேதுருவின் மறுதலிப்போடும் யூதாசின் துரோகத்தோடும் நிறுத்துப் பார்த்தார். அது யூதாசின் செயலையே நெருங்கியிருப்பதாக அவருக்குப் பட்டது. விசுவாசத்தை மறுத்து நம்பிக்கையிழந்து மடிந்த 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய வழக்கறிஞர் பிரான்சிஸ் ஸ்பைராவின் வரலாற்றைப் படித்தது அவ்வச்சத்தை மிகுவித்தது. மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டதாக முதிய கிறித்தவர் ஒருவரிடம் ஆறுதல் வேண்டிச் சொன்னபோது, அவரும் அவ்வாறே எண்ணுவதாகக் கூறிவிட்டார். அயலூர் ஒன்றின் தெருவில் அமர்ந்திருந்தபோது கதிரவன்கூடத் தமக்கு ஒளிதர மனமின்றி இருப்பதாகவும், தெருக்கற்களும் வீட்டுக் கூரையோடுகளும் தமக்கு எதிராகத் திரண்டதாகவும் அவருக்குத் தோன்றியது.

உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவங்களின் வகைகள் பற்றி 1902இல் வெளியிட்ட நூலில் பன்யனை நோயுற்ற ஆன்மாவுக்கு எடுத்துக்காட்டாகச் சுட்டினார். மனம் விரும்பாமலே சொற்கள் திரும்பத் திரும்ப எழும் நிலையை இன்றைய உளவியலும் அறியும். இவ்விளக்கம் பன்யன் பட்ட துன்பத்தின் இயல்பைத் தெளிவாக்குகிறது. ஆயினும் அவரை வதைத்த வினா இதனால் தீர்வதில்லை. தம் நெஞ்சில் எழுந்தது தம்முடையதா, அதற்குத் தாம் பொறுப்பாளியா என்பதே அவ்வினா. அது அறம் சார்ந்தது. அதற்கு அவர் விடை தேடிய இடமும் சமயமே.

புறத்தே உள்ள நீதி

விடை ஒரே நாளில் கிட்டவில்லை. கலாத்தியர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய விளக்கவுரையின் பழைய படி ஒன்று, தொட்டால் உதிரும் நிலையில், முன்னரே அவர் கைக்கு வந்திருந்தது. தம் நெஞ்சைக் கண்டு எழுதியது போன்ற அந்நூலை விவிலியத்துக்கு அடுத்த நிலையில் அவர் போற்றினார். கிருபை போதும் என்னும் பொருள்பட்ட பவுலின் வசனமும் ஏசாவைப் பற்றிய வசனமும் அவர் மனத்தில் தராசுத் தட்டுகள்போல் ஏறி இறங்கின. ஒரு நாள் அவ்விரண்டும் ஒருசேர எழுந்து மோதியபோது கிருபையின் வசனமே நிலைத்தது.

பின்னர் வயல்வழியே நடந்து சென்றபோது தம்முடைய நீதி வானுலகில் உள்ளது என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. தம் நல்ல மனநிலை அந்நீதியைக் கூட்டுவதுமில்லை, தீய மனநிலை குறைப்பதுமில்லை; ஏனெனில் அந்நீதி கிறிஸ்துவே என்பது அதன் பொருள். பன்யனின் அகவரலாற்றில் இதுவே திருப்புமுனை. அதுவரை அவர் தம் நெஞ்சின் உள்ளேயே பாவத்துக்கும் மீட்புக்கும் சான்று தேடினார். தீமை புறத்திலிருந்து தாக்குவது என்பதை நம்பிய அவர், தம் மீட்பும் புறத்தே நிலைபெற்றது என்பதை அன்றே உணர்ந்தார். இவ்வுணர்வு வாய்த்தபின் தம் மனத்தில் ஓடும் ஒவ்வோர் எண்ணத்தையும் தீர்ப்பாக எண்ணி அஞ்ச வேண்டிய நிலை அவருக்கு இல்லாமற்போயிற்று.

சிறையில் வந்த சோதனை

கிஃபர்டு 1655இல் இறந்தார். பன்யன் பெட்ஃபோர்டில் குடியேறிப் போதகராக மலர்ந்தார். 1658இல் முதல் மனைவி இறக்க, அடுத்த ஆண்டு எலிசபெத்தை மணந்தார். 1660இல் முடியாட்சி மீண்டதும், திருச்சபை ஆணை பெறாதோர் கூட்டம் கூட்டிப் போதிப்பதற்கு எதிரான பழைய சட்டம் மீண்டும் கையாளப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் லோயர் சாம்செல் என்னும் சிற்றூரில் அவர் போதிக்கவிருந்தார். கைதாணை பிறந்த செய்தி முன்னரே எட்டியது. கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என நண்பர் கூறினார். பன்யன் வெளியே உலவிச் சிந்தித்தார். ஊக்கமூட்டிய தாமே ஓடினால் புதிதாக மனந்திரும்பியோர் தளர்வர் எனக் கருதி, திரும்பி வந்து கூட்டத்தைத் தொடங்கினார், அங்கேயே கைதானார்.

இங்கு வந்த சோதனை முன்னையதினும் வேறானது. பொதுக்கூட்டங்களில் போதிப்பதில்லை என ஒரு வாக்குறுதி தந்தால் விடுதலை கிட்டும். நீதிமன்ற எழுத்தர் பால் காப் சிறைக்கு வந்து இணக்கமாகவே பேசினார். அயலாருக்குத் தனிமையில் அறிவுரை கூறத் தடையில்லை என்று எடுத்துரைத்தார். 1661 ஜனவரியில் நீதிபதி கீலிங் வழங்கிய தீர்ப்பின்படி, பணிய மறுத்தால் நாடுகடத்தலும், மீண்டு வந்தால் தூக்கும் அவருக்குக் காத்திருந்தன.

இச்சோதனையின் முழு வலிமையும் குடும்பத்தின் வழியே வந்தது. கைதான செய்தி கேட்டு அதிர்ந்த எலிசபெத் காலத்துக்கு முன்பே வலிகண்டு, எட்டு நாள் துன்புற்றுப் பெற்ற குழந்தை இறந்தது. மூத்தாள் மக்கள் நால்வர். அவருள் ஒருத்தி பார்வையற்றவள். 1661 ஆகஸ்டில் எலிசபெத் பெட்ஃபோர்டு நீதிபதிகள் முன் தனியே நின்று கணவருக்காக வாதாடினார். மேத்யூ ஹேல் இரங்கினார், ட்விஸ்டன் சினந்தார். போதிப்பதை விட்டுவிடுவாரா என வினவியபோது, பேசும் ஆற்றல் உள்ளவரை விடத் துணியார் என்பதே எலிசபெத் தந்த விடையின் பொருள். பன்யனோ சிறையிலிருந்து, தம் கையாலேயே தம் வீட்டை மனைவி மக்கள் தலைமேல் இடித்துத் தள்ளுபவராகத் தம்மைக் கண்டார். பார்வையற்ற மகள் படக்கூடிய பசியையும் குளிரையும் எண்ணும்போது அவர் நெஞ்சம் பிளந்தது. முனையில் தகடு பொருத்திய நாடாக்களைச் சிறையில் செய்து விற்று அவர்களுக்கு உதவினார்.

தீமை எப்போதும் தீமையின் முகத்தோடு வருவதில்லை என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. மகள்மீது கொண்ட அன்பு பாவமன்று. காப் கூறிய சொற்களிலும் வஞ்சகம் தெரியவில்லை. ஆயினும் உண்மையெனத் தாம் கண்டதைக் கைவிடுமாறு அவை வேண்டின. இளமையில் விலையின்றி விற்குமாறு ஒலித்த தூண்டுதலுக்கு இப்போது விலை வந்து சேர்ந்தது. அவ்விலை அவர் உயிரினும் மேலாக நேசித்த மக்களின் நலம்.

இதனோடு சாவச்சமும் சேர்ந்தது. தூக்குமர ஏணியில் ஏறும்போது நடுங்கி, தம் நம்பிக்கைக்கு இழுக்குத் தேடிவிடுவோமோ என அஞ்சினார். இறைவனின் ஆறுதலும் அந்நாள்களில் மறைந்திருந்தது. செத்தால் எங்குச் செல்வாய் என்று சோதனைக்காரன் வினவினான். பல வாரப் போராட்டத்தின் முடிவில், இறைவன் ஆறுதல் அளித்தாலும் அளிக்காவிட்டாலும் அவர் சொல்லில் நிற்பதே தம் கடமை எனத் துணிந்தார். விண்ணுலகம் கிட்டினும் நரகம் கிட்டினும் கண்ணை மூடிக்கொண்டு மறுமைக்குள் குதிப்பது என உறுதிகொண்டார். குட்டைகளை வற்றச் செய்து சான்று தேட நினைத்த இளைஞர், சான்றே இல்லாத நிலையிலும் நிலைநிற்கும் பக்குவத்தை எய்தியமை இங்குப் புலனாகிறது. 12 ஆண்டுகள் சிறையில் இருந்து, 1672இல் அரசர் வெளியிட்ட சமயச் சலுகை அறிவிப்பால் அவர் விடுதலை பெற்றார்.

நூல்களில் தெளிந்த கருத்து

பன்யன் ஏறத்தாழ 60 நூல்கள் எழுதினார். 1666இல் சிறையிலிருந்தே வெளியிட்ட தன்வரலாறு, பிரதான பாவிக்குப் பெருகிய கிருபையைப் பற்றியது. மேற்கூறிய அகப்போராட்டங்கள் அதில் அவராலேயே பதிவு செய்யப்பட்டவை. 1678இல் 'மோட்சப் பிரயாணம்' வெளிவந்தது. தன்வரலாற்றில் வினாவாக நின்றது இந்நூலில் விடையாகியுள்ளது.

அப்பொல்லியோன் என்னும் அரக்கன் பயணியாகிய கிறிஸ்தியானைத் தன் குடிமகன் என உரிமை கோருகிறான். முதலில் நயந்து பேசுகிறான். பின் வழியில் அவன் இழைத்த தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குற்றம் சாட்டுகிறான். கிறிஸ்தியான் அவற்றை மறுக்கவில்லை. சொல்லாமல் விட்டவையும் உண்டு என ஒப்புக்கொண்டு, தன் அரசர் மன்னிப்பவர் என்கிறான். நெஞ்சுக்குக் கவசம் உண்டு, முதுகுக்கு இல்லை என்பதால் அவன் புறங்காட்டாது நிற்கிறான். சாத்தான் தூண்டுபவன் மட்டுமல்லன், குற்றம் சாட்டுபவனும் ஆவான். குற்றச்சாட்டு உண்மையாகவே இருப்பினும் நம்பிக்கையிழப்பு அதற்கு விடையாகாது என்பது இக்காட்சியின் கருத்து.

அடுத்துவரும் மரண இருளின் பள்ளத்தாக்கில் மிக நுட்பமான ஒரு நிகழ்ச்சி உள்ளது. தீயவன் ஒருவன் கிறிஸ்தியானின் பின்னே மெல்ல வந்து, இறைநிந்தையான சொற்களை அவன் காதில் ஓதுகிறான். அவையோ தன் உள்ளத்திலிருந்தே பிறந்தவை எனக் கிறிஸ்தியான் நம்பி வருந்துகிறான். படிப்பவருக்குத் தெரிவது பயணிக்குத் தெரியவில்லை. இளமையில் பன்யன் கலங்கி நின்றதும் இவ்விடத்தேதான். காதில் விழுந்ததைத் தன் சொல்லாகக் கருதியதே அன்றைய துன்பத்தின் வேர் என்பதை அவர் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து உருவகமாக்கினார்.

சந்தேகக் கோட்டையில் நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கன், சிறைப்பட்ட பயணிகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறான். அவர்களை விடுவிக்கும் வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தொடக்கம்முதலே கிறிஸ்தியானின் மடியில் இருந்தது. மாயச் சந்தையில் நடக்கும் விசாரணை பன்யன் நேரில் கண்ட நீதிமன்றத்தை நினைவூட்டுகிறது.

1682இல் வந்த 'புனிதப் போர்' இக்கருத்தைக் கோட்பாடாகவே நிறுவுகிறது. மனித ஆன்மா அதில் ஒரு நகரம். செவி, கண், வாய், மூக்கு, மெய் என ஐந்து வாயில்கள் அதற்கு உண்டு. பகைவன் எத்துணை வலியவனாயினும் நகர மாந்தர் இசைந்தாலன்றி அம்மதிலை உடைத்தலோ வாயிலைத் திறத்தலோ இயலாது. யாக்கோபும் பேதுருவும் கூறியவை இங்கு ஒன்றுபடுகின்றன. பகைவன் புறத்தே உள்ளான். கதவைத் திறக்கும் கை அகத்தே உள்ளது. வாயிலில் கேட்கும் ஓசைக்கு நகரம் பொறுப்பன்று. கதவைத் திறந்ததற்கு அதுவே பொறுப்பு.

தமிழ்க் காப்பியத்தோடு தொடர்பு

வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பராமாயணத்தில் தோய்ந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) 1858இல் கிறித்தவரானார். ஐந்து பருவங்களாக அவர் இயற்றிய காப்பியம் பன்யனின் உரைநடைக் கதையைத் தமிழ்க் காப்பிய மரபுக்குள் கொணர்ந்தது. மூலநூல் கிறிஸ்துவின் பாடுகளைத் தொடர்கதையாக விரித்துரைப்பதில்லை. கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் அமைத்து அவற்றைப் பாடினார். பன்யன் வயல்வழியில் உணர்ந்த, தன் நெஞ்சுக்குப் புறத்தே நிலைபெற்ற நீதியே அப்படலத்தின் பொருளாகும். தீமையைத் தீவினையச்சம் என்னும் அதிகாரத்தில் செயலின் வழி நோக்கிய குறள் மரபில் பழகிய தமிழ்ப் படிப்பாளிக்கு, ஆள்வடிவில் வரும் தீமை புதிதாகத் தோன்றலாம். எனினும் அரக்கரோடு பொரும் காப்பிய மரபும் ஐம்புலன்களைக் காக்க வேண்டும் என்னும் அறமரபும் தமிழில் முன்னரே வேரூன்றியிருந்தன. அவற்றால் பன்யனின் போர்க்களம் இம்மண்ணில் அயலாகத் தோன்றவில்லை எனலாம்.

முடிவுரை

1688 ஆகஸ்டில், பிணங்கியிருந்த ஒரு தந்தையையும் மகனையும் ஒன்றுசேர்க்கப் பன்யன் ரெடிங் நகருக்குச் சென்றார். அப்பணி முடித்து மழையில் நனைந்தபடி குதிரையில் லண்டனை அடைந்தவர் காய்ச்சலுற்று, அம்மாதம் 31ஆம் நாள் நண்பர் ஒருவர் இல்லத்தில் காலமானார். அவர் உடல் பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

சாத்தானை நம்புவது மனிதனைப் பொறுப்பினின்று தப்பவிடும் என்னும் கருத்துக்குப் பன்யன் வாழ்வு எதிர்ச்சான்றாகிறது. எல்லாத் தீய எண்ணங்களும் தம்முடையவையே என்று கொண்டிருந்த வரையில் அவரால் எதனையும் எதிர்க்க இயலவில்லை; தம்மையே பகைவராகக் கருதித் தம்மோடு போரிட்டு வீழ்ந்தார். பகைவன் புறத்தான் என்றும் இசைவு தம்முடையது என்றும் பிரித்தறிந்தபின் எதிர்த்து நிற்கும் ஆற்றல் பிறந்தது. இசைவு தம் கையில் உள்ளது என அறிந்தவராதலின், நீதிமன்றத்தில் ஒரே ஒரு வாக்குறுதியைத் தர மறுத்து 12 ஆண்டுகள் சிறையில் இருக்கவும் அவரால் இயன்றது. 'இரட்சணிய யாத்திரிக'த்தில் பயணி எதிர்கொள்ளும் ஒவ்வொரு பகையையும் ஆராயும்போது, தாக்குவது யார், இசைவது யார் என்னும் இவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொள்வது அக்காப்பியத்தின் அறநோக்கை மேலும் தெளிவாக்கும்.